முகாம் அட்டையிலிருந்து பாஸ்போர்ட் வரை

1987 ஜூன் 30ஆம் தேதி இரவு மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்த குழந்தை, சட்டப்படி இந்தியக் குடிமகன். அப்பா அம்மா எந்த நாட்டவர் என்ற கேள்வியே அங்கு எழாது. மறுநாள் விடிகாலையில் பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தைக்கோ, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் அந்த உரிமை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அப்படித்தான் கோடு கிழித்திருக்கிறது. 2004 டிசம்பர் 3இல் இன்னொரு கோடு விழுந்தது. அன்று தொடங்கிப் பிறந்தவர்களுக்குத் தாய் தந்தை இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் இந்தியர் என்றால், மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வகையில் வரக்கூடாது.

ஒரு குடும்பத்தில் யார் எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்த்து, அவரவருக்கு உரிய வழியைத் தேடித் தருவதுதான் குடியுரிமை வழக்கறிஞரின் தொழில். அமெரிக்காவில் குடிவரவு வழக்குகளுக்கென்றே தனி நீதிமன்றங்கள் உண்டு. நம் ஊரில் குடியுரிமை வழக்குகளை மட்டுமே பார்க்கும் வக்கீல்கள் அரிது. ரிட் மனு போடத் தெரிந்தவர், அகதிகளிடம் அக்கறை உள்ளவர் என்று விசாரித்துத்தான் கட்சிக்காரர்கள் வருகிறார்கள்.

காவிரிப் படுகைக்கு இந்தக் குடியுரிமைச் சிக்கலோடு உள்ள உறவு பழையது. தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளில் நிலமில்லாத கூலிக் குடும்பங்களைக் கங்காணிகள் இலங்கைத் தோட்டங்களுக்குத் திரட்டிக்கொண்டு போனார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய கூட்டம் மலாயாவுக்குப் போனது. இலங்கைக்குப் போனவர்களின் கழுத்தில் ‘துண்டு’ என்ற தகர வில்லை தொங்கும். தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். நோய் இருக்கிறதா என்று அவர்களைத் தடுத்துவைத்துச் சோதித்த இடம் மண்டபம். பின்னாளில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அகதிகளாக வந்து தங்கியதும் அதே மண்டபத்தில்தான்.

நடுவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், தோட்டங்களில் குடியேறிய இந்த மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாக ஏற்றன. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்கள் ஏராளம். 1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரம் வெடித்தது. 1984இல் தலைமன்னார் – ராமேஸ்வரம் கப்பலும் நின்றது. உயிருக்குப் பயந்து படகேறி வந்தவர்களில் இந்த மலையகத்தாரும் இருந்தார்கள். தங்களை ஏற்பதாக ஒப்புக்கொண்ட நாட்டுக்கே, கையில் தாள் இல்லாமல் வந்து சேர்ந்தார்கள்.

அந்த வருகைதான் சட்டத்தில் சிக்கல். பாஸ்போர்ட், விசா இல்லாமல் நாட்டுக்குள் வந்த வெளிநாட்டவர் ‘சட்டவிரோதக் குடியேறி’. அப்படிப்பட்டவர் 5ஆம் பிரிவின்படி பதிவு செய்தும் குடியுரிமை பெற முடியாது, 6ஆம் பிரிவின்படி நீண்டகால வசிப்பைக் காட்டியும் பெற முடியாது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதி என்பதற்கு நம் நாட்டில் தனிச் சட்டமும் இல்லை. ஆகவே முப்பது வருடம் முகாமில் பணக்கொடை வாங்கி, வருகைப் பதிவுக்கு வரிசையில் நின்று, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவரும் ஏட்டில் சட்டவிரோதக் குடியேறிதான்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். 1984இல் நுவரெலியாவிலிருந்து வந்த கணவன் மனைவி. மூத்த மகள் 1986இல் இங்கே பிறந்தாள்: இந்தியக் குடிமகள். இளையவள் 1990இல் பிறந்தாள்: இல்லை. இளையவள் திருவையாற்றுப் பையனைக் கல்யாணம் செய்து, 2012இல் ஒரு குழந்தை பெறுகிறாள். அப்பா பரம்பரையாகக் காவிரிக்கரையில் பயிர் செய்பவர். ஆனாலும் அம்மாவைச் சட்டவிரோதக் குடியேறி என்று அதிகாரிகள் கருதினால் அந்தக் குழந்தைக்கும் குடியுரிமை மறுக்கப்படும். வக்கீல் இங்கே ஒரு கேள்வி கேட்பார்: இந்த மண்ணிலேயே பிறந்தவள் எந்த எல்லையைத் தாண்டி ‘நுழைந்தாள்’? என் பார்வையில் மிக நியாயமான கேள்வி இது.

இதே திருவையாற்றில் மலேசியப் பெண்ணை மணந்தவர் வீட்டில் இந்தத் தொல்லை கிடையாது. அவள் விசாவோடு விமானத்தில் வந்தவள். ஏழு வருடம் இங்கே வசித்தபின் இந்தியரின் மனைவி என்ற முறையில் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம்.

வாதத்தைவிட இந்தத் தொழிலில் நேரத்தை விழுங்குவது தாள்தான். பிறப்புச் சான்று இல்லாதவருக்கு ஆஸ்பத்திரிப் பதிவேடு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், முகாம் பதிவேட்டில் குடும்பத்தில் சேர்க்கப்பட்ட தேதி என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். முகாம் அட்டையில் பெயர் ஒரு மாதிரி, பள்ளியில் வேறு மாதிரி இருக்கும். முதலெழுத்து மாறியிருக்கும். வயதைக் குத்துமதிப்பாக யாரோ எழுதியிருப்பார்கள். தாசில்தார் அலுவலகத்துக்கும் முகாம்களைக் கண்காணிக்கும் கியூ பிரிவு போலீசாருக்கும் இந்த வேறுபாடுகளை விளக்கிப் பிரமாணப் பத்திரம் தயாரிப்பது வக்கீலின் வேலை.

பூர்வீகம் காட்டுவது இன்னும் கடினம். 5ஆம் பிரிவின்படி ‘இந்திய வம்சாவளி’ என்றால், தானோ பெற்றோரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். தாத்தா பட்டுக்கோட்டைப் பக்கம் பிறந்தவர் என்பது போதாது. வழக்கு ஒரு தலைமுறை தாமதமானால் உரிமை ஒரு படி குறைகிறது. அரசாங்கத்தின் தாமதத்துக்குப் பேத்தி விலை கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எல்லோரும் இங்கேயே இருக்க விரும்புவதும் இல்லை. 1984இல் எஸ்.சி. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றும் இலங்கைக் குடியுரிமைப் பதிவும் வாங்கித் தர நெடுங்காலம் உழைத்தது. சந்திரகாசனும் வழக்கறிஞர், ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன். திரும்பிப் போக நினைப்பவருக்கும் இந்தத் தாள்கள் வேண்டும்.

நீதிமன்றம் என்று வரும்போது தஞ்சை, திருச்சிக்காரர்கள் போவது மதுரைக் கிளைக்கு. திருவாரூர், நாகப்பட்டினம் என்றால் சென்னைக்கு. 2004இல் தொடங்கிய மதுரைக் கிளைதான் இந்த வழக்குகளில் பல திருப்பங்களைத் தந்தது. இந்திய வம்சாவளித் தமிழர் 65 பேர் 2009இல் தொடுத்த வழக்கில் 2019 ஜூன் 17 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். இவர்களைக் காலவரையின்றி முகாம் கண்காணிப்பில் வைத்திருப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவை மீறுவது என்றார்; விண்ணப்பங்களைக் கலெக்டர் வழியாக வாங்கி மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றார். 2022இல், 1986இல் மண்டபத்தில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தர அதே நீதிபதி உத்தரவிட்டார். நான் முதலில் சொன்ன தேதிக் கோடுதான் அந்தப் பெண்ணுக்கு உதவியது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார்.

எல்லா வாசலும் அப்படித் திறப்பதில்லை. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொல்லி இலங்கையை விட்டுவிட்டது. 2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், உலகெங்கும் உள்ள அகதிகளை ஏற்க இந்தியா தர்மசத்திரமா என்று உச்ச நீதிமன்ற அமர்வு கேட்டது. வக்கீல்கள் பழைய தீர்ப்புகளைக் கையில் வைத்திருக்கிறார்கள்: சக்மா அகதிகள் வழக்கில் 1996இல் அதே உச்ச நீதிமன்றம், உயிருக்கும் சுதந்திரத்துக்குமான பாதுகாப்பு குடிமக்கள் அல்லாதவருக்கும் உண்டு என்று சொன்னது.

வேறொரு நாட்டோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையோரம் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். அந்த நாடு அவர்களுக்கு உடனே ஓராண்டு தங்கும் அனுமதி தந்தது. அங்கே அகதிக்கு விண்ணப்பம், விசாரணை, நிரந்தர வசிப்பு, குடியுரிமை என்று எழுதப்பட்ட வழி இருக்கிறது. அதே காலத்தில் ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களுக்கு அப்படி ஒரு வழி இன்றுவரை எழுதப்படவில்லை. 2021இல் தமிழ்நாடு அரசு முகாம்களில் 7,469 வீடுகள் கட்ட அறிவித்தது. பெயரையும் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. ஆனால் குடியுரிமை மத்திய அரசின் கையில்.

2025 செப்டம்பர் 1 முதல் பழைய வெளிநாட்டவர் சட்டத்தின் இடத்தில் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடப்பில் இருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, பாஸ்போர்ட் விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து அதனோடு வந்த ஆணை விலக்குகிறது. விலக்கு குடியுரிமை ஆகிவிடாது. ஆனால் தண்டிக்க வேண்டாம் என்று அரசே சொன்னவர்களைச் சட்டவிரோதக் குடியேறி என்று தொடர்ந்து அழைக்கலாமா என்று வாதிட இனி ஒரு பிடி இருக்கிறது.

வழக்கு நடத்தப் பணம் இல்லை என்று ஒதுங்கியிருப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தொலைபேசி எண் 15100. முகாம் அட்டை, பள்ளிச் சான்றிதழ், பெற்றோர் வந்து இறங்கிய தேதி பதிவான தாள் ஆகியவற்றின் நகல்களை முதல் சந்திப்புக்கே எடுத்துப் போவது நல்லது.