மாத்திரைக்கு மாத்திரை வைத்தியம்!

என் மாமியாருக்கு வயது 74. பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிட்டு வந்தார். சில மாதத்தில் இரண்டு காலும் வீங்கியது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் நீர் பிரிய மாத்திரை கொடுத்தார்கள். ராத்திரி நாலு தடவை எழுந்து பாத்ரூம் போனதில் தூக்கம் போச்சு. வேறொரு டாக்டர் தூக்கத்துக்கு அல்பிரஸோலம் எழுதினார். விடிந்தால் தள்ளாட்டம், தலைசுற்றல். அதற்கு இன்னொருவர் சின்னரிசின் கொடுத்தார். அப்புறம் கை நடுங்க ஆரம்பித்தது. டம்ளரைப் பிடித்தால் காபி தளும்பும். "வயசாயிட்டா அப்படித்தான்" என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

போன வருடம் என் நாத்தனார் சொல்லி, முதியோர் மருத்துவம் படித்த டாக்டர் ஒருவரிடம் போனோம். "சீட்டு மட்டும் போதாதும்மா, வீட்டுல இருக்கிற மாத்திரை, லேகியம் எல்லாத்தையும் பையில போட்டு எடுத்துட்டு வாங்க" என்றார். மேஜையில் கொட்டினால் 11 அட்டை! மூட்டு வலிக்கான இரண்டு அட்டைகளில் பெயர்தான் வேறு, உள்ளே இருந்தது ஒரே மருந்து. அந்த வலி மாத்திரையே பிரஷரை ஏற்றுமாம், சிறுநீரகத்துக்கும் கெடுதலாம்.

கால் வீக்கம் அம்லோடிபினால் வந்தது, கை நடுக்கம் சின்னரிசினால் வந்தது என்று அவர் சொன்னபோது எங்கள் வீட்டுக்காரர் வாயடைத்துப் போனார். வயதானவர்களுக்குச் சிறுநீரகமும் ஈரலும் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றுமாம். அமெரிக்காவில் பீர்ஸ் என்ற டாக்டர் 1991-லேயே முதியோருக்கு ஆகாத மருந்துகளுக்குப் பட்டியல் போட்டிருக்கிறாராம்.

பிரஷர் மாத்திரையை மாற்றினார். நீர் மாத்திரை, தலைசுற்றல் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் நின்றன. தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்று வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். (சகோதரிகளே, இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்!) வீக்கம் சீக்கிரமே வடிந்தது. நடுக்கம் அடங்கச் சில மாதம் பிடித்தது.

அத்தைக்குத்தான் மனசு ஆறவில்லை. "ஊசியும் போடலை, இருந்த மாத்திரையையும் பிடுங்கிட்டாரு, இவரெல்லாம் ஒரு டாக்டரா?" என்று ஒரு வாரம் புலம்பினார். நம் ஊரில் நிறைய எழுதினால்தானே கைராசி டாக்டர்!

எனக்கு ஒரே ஆதங்கம்தான். புதுசாக எழுதுவதற்கு முன், "இப்ப என்னென்ன சாப்பிடறீங்க?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? நாலு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. மருந்துக் கடையிலும் பழைய சீட்டை நீட்டினால் மாதாமாதம் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு பெண் வருகிறார். அத்தை இப்போது சாப்பிடும் நாலு மாத்திரைகளின் பெயரையும் அவர் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். பக்கத்து வீட்டுத் தாத்தாவின் மாத்திரை டப்பாவையும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.