பவளப்பாம்பின் பல்: சிறியது என்பதால் தீங்கற்றதா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் வாழும் பவளப்பாம்பைப் பற்றி நிலவும் தவறான கருத்துகளுள் மிகவும் ஆபத்தானது, அதன் நஞ்சு கொடியதாயினும் அதன் பல்லுக்கு மனிதரைக் கடிக்கும் ஆற்றல் இல்லை என்பதாகும். பாம்பின் வாய் சிறியது, நச்சுப்பற்கள் தாடையின் பின்பகுதியில் அமைந்துள்ளன, ஆகவே விரலிடுக்கு போன்ற மெல்லிய இடத்தைக் கவ்வி நெடுநேரம் மென்றாலொழிய நஞ்சு உடலுக்குள் இறங்காது என்று இயற்கையைப் பற்றி ஓரளவு படித்தவர்களும் சொல்வதுண்டு. இக்கூற்றில் ஆங்காங்கே சிறிதளவு உண்மை கலந்திருப்பதே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம். அதை நம்பியவர் கடிபட்ட பின் முதல் சில மணி நேரத்தை வீட்டிலேயே கழித்துவிடுகிறார் என்பதே அதனால் விளையும் கேடு.

வட கரோலினா முதல் ஃபுளோரிடா வழியாக லூசியானா வரை பரவியுள்ள கிழக்குப் பவளப்பாம்பு, டெக்சஸ் பவளப்பாம்பு, அரிசோனாவின் பாலை நிலத்தில் வாழும் சொனோரப் பவளப்பாம்பு ஆகிய மூன்றும் நாகப்பாம்பும் கட்டுவிரியனும் அடங்கிய எலாப்பிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்துப் பாம்புகள் அனைத்திற்கும் பொதுவான இயல்பு, நச்சுப்பற்கள் மேல்தாடையின் முன்பகுதியில் அசையாமல் நிலைத்திருப்பதாகும். சலங்கைப் பாம்பு போன்ற விரியன் இனங்களில் நச்சுப்பல் நீண்டு, வாய் மூடியிருக்கும்போது மேலண்ணத்தோடு மடிந்து கிடந்து, கடிக்கும் கணத்தில் மட்டும் நிமிர்கிறது. மடிக்க இயலாத பல்லோ வாய்க்குள் அடங்கும் அளவுக்குக் குட்டையாக இருந்தே தீரவேண்டும். அதனால்தான் பெரிய டைமண்ட்பேக் சலங்கைப் பாம்பின் பல் 2 சென்டிமீட்டரைத் தாண்ட, பவளப்பாம்பின் பல் பெரும்பாலும் 3 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது. ஆயினும் அது உள்ளே துளை உடையதும், நஞ்சுச் சுரப்பியோடு நாளத்தால் இணைந்ததுமான முழுமையான ஊசியே. மனிதத் தோலின் தடிப்பு உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாகப் பெரும்பாலான இடங்களில் 1 முதல் 2 மில்லிமீட்டர் அளவே ஆதலால், கனத்த தோல் காலணியை ஊடுருவ இயலாத அப்பல்லுக்கு வெறும் விரலோ முன்கையோ பெரிய தடையன்று.

மெல்லுதல் பற்றிய நம்பிக்கை, பாம்பின் நடத்தையைத் தவறாகப் பொருள்கொண்டதால் எழுந்தது. பவளப்பாம்பு சில வேளைகளில் கடித்த இடத்தை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும், பிடுங்கி எறிய வேண்டியும் வரும். பற்றியிருக்கும் நேரம் கூடக்கூட உட்செல்லும் நஞ்சின் அளவும் கூடலாம். ஆனால் நஞ்சு இறங்குவதற்கு அது தேவையான நிபந்தனை அன்று, ஒரு நொடியில் பட்டு விலகிய கடியும் போதும். வாயின் சிறுமையைப் பற்றிய வாதமும் இத்தகையதே; தாடை எலும்புகள் நெகிழ்வான தசைநார்களால் இணைந்திருப்பதால், பிற பாம்புகளையும் பல்லிகளையும் முழுதாக விழுங்கும் இப்பாம்பு, மூடிய வாயைக் கண்டு மதிப்பிடுவதைக் காட்டிலும் அகலமாக வாய் திறக்கவல்லது.

பின்பல் பாம்பு என்று ஒன்றை வகைப்படுத்திவிட்டால் அதனால் தீங்கில்லை என்று கருதுவதும் தனியே ஒரு பிழையாகும். சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவரும், பவளப்பாம்புகளின் வகைப்பாட்டில் பெரும்பணி ஆற்றியவருமான ஊர்வன அறிஞர் கார்ல் ஷ்மிட், 1957ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பூம்ஸ்லாங் என்னும் பின்பல் பாம்பின் குட்டியால் கட்டைவிரலில் கடிபட்டார். ஒரே ஒரு பல் மட்டும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருந்தது. குட்டிப் பாம்பு, ஒற்றைப் பல் என்பதால் பெரிய ஆபத்து நேராது என்று எண்ணிய அவர், தம் உடலில் தோன்றிய அறிகுறிகளைக் குறித்துவைத்துக்கொண்டே மறுநாள் இரத்தப்போக்கால் இறந்தார். பல்லின் அளவைக் கொண்டு கடியின் கொடுமையைக் கணிப்பது துறை வல்லுநருக்கே கைகூடவில்லை என்றால், பொதுமக்கள் அதனை நம்பி இருப்பது எவ்வகையிலும் பொருந்தாது.

பவளப்பாம்புக் கடியின் தனித்தன்மை, கடித்த இடத்தில் காண்பதற்கு ஏதும் இல்லாமையே. விரியன் கடியில் சில நிமிடங்களிலேயே வீக்கமும் தாங்கொணா வலியும் தோன்றி, கடிபட்டவரை அவையே மருத்துவமனைக்கு விரட்டுகின்றன. பவளப்பாம்பு கடித்த இடத்திலோ முள் கீறியது போன்ற தடமும் சிறிது குத்தலும் மரத்துப்போதலும் மட்டுமே இருக்கலாம், தடமே தெரியாமலும் போகலாம். அதன் நஞ்சு முதன்மையாக நரம்பைத் தாக்குவது. நரம்பு முனையிலிருந்து தசைக்குக் கட்டளையை எடுத்துச் செல்லும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் சென்று பொருந்த வேண்டிய ஏற்பிகளை நச்சுப் புரதங்கள் அடைத்துக்கொள்வதால், மூளை இட்ட ஆணை தசையை எட்டாமல் போகிறது. இந்த அடைப்பு வெளிப்படச் சில மணி நேரம் ஆகலாம், சிலருக்கு 12 மணி நேரம் கடந்தும் முதல் அறிகுறி தோன்றியதுண்டு.

அறிகுறிகள் பெரும்பாலும் முகத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்குகின்றன. முதலில் மேலிமைகள் கனத்துத் தாழ்கின்றன. கடிபட்டவர் தூக்கக் கலக்கம் என்று எண்ணி நெற்றியைச் சுருக்கி இமையை உயர்த்த முயல்வதும், எதிரில் இருப்பவரைக் காண முகவாயை நிமிர்த்துவதும் உடனிருப்போர் கண்ணில் படக்கூடிய அடையாளங்கள். பின்னர் ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது, நாக்குக் குழறுகிறது, உமிழ்நீரை விழுங்க இயலாமல் வாயோரம் வழிகிறது. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என எண்ணச் சொல்லி, எண்ணிக்கை முன்பைவிடக் குறைகிறதா என்று பார்ப்பது சுவாசத் தசைகளின் தளர்ச்சியை அறிய மருத்துவர்கள் கையாளும் எளிய சோதனை. உயிரிழப்புக்குக் காரணமாவது இச்சுவாச முடக்கமே. மூச்சு நிற்குமுன் செயற்கைச் சுவாசக் கருவியோடு இணைக்கப்பட்டவர், தசைகள் மீள நாட்களோ வாரங்களோ ஆயினும், பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார் என்பதால், கடிபட்டவர் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார் என்பதே அனைத்தையும் தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது புதிய செய்தியன்று. இரவில் தரையில் உறங்குவோரைக் கடித்து, தடமோ வலியோ இன்றி, விடியற்காலையில் வயிற்றுவலியும் இமைச்சரிவுமாக வெளிப்படும் கட்டுவிரியன் கடி இதே குடும்பத்துப் பாம்பின் இதே வகையான ஏமாற்றே. தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் மெல்லிய பவளப்பாம்பு என்னும் சிற்றினமும் உண்டு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டு தயாரிக்கப்படும் இந்திய நஞ்சுமுறி மருந்து அதனைக் கருதிச் செய்யப்பட்டது அன்று. ஆதலால் அழகாக இருக்கிறது, புழுவைப் போல் மெலிந்திருக்கிறது என்று அதைக் கையில் எடுத்துப் பார்ப்பது இங்கும் தவிர்க்கத்தக்கதே.

கடித்த ஒவ்வொரு முறையும் பாம்பு நஞ்சைச் செலுத்துவதில்லை என்பது உண்மை. நஞ்சற்ற இத்தகைய கடி உலர்கடி எனப்படும். உலர்கடி பெற்று எவ்விதத் தீங்கும் இன்றித் தப்பியவர்களின் வாய்மொழியே, மேலே கூறிய தவறான நம்பிக்கைக்கு ஊட்டமளித்து வந்திருக்கிறது என்று கருத இடமுண்டு. ஆனால் கடி உலர்ந்ததா அன்றா என்பதைத் தொடக்கத்தில் கண்டறிய எந்தச் சோதனையும் பயன்பாட்டில் இல்லாததால், அறிகுறி இல்லாதவரையும் சுமார் 24 மணி நேரம் மருத்துவமனையில் வைத்துக் கண்காணிப்பதே வழக்கமான பரிந்துரை. ஃபுளோரிடாவில் 2006ஆம் ஆண்டு கடிபட்டு மருத்துவ உதவியை நாடாதிருந்த ஒருவர் இறந்தார். 1960களின் பிற்பகுதியில் நஞ்சுமுறி மருந்து கிடைக்கத் தொடங்கிய பின் அந்நாட்டில் கிழக்குப் பவளப்பாம்புக் கடியால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அதுவே.

நிறத்தைக் கொண்டு பாம்பை அடையாளம் காணும் சொலவடையும் இங்கே எச்சரிக்கைக்கு உரியது. சிவப்பு வளையம் மஞ்சள் வளையத்தைத் தொட்டால் நஞ்சுள்ளது, கருப்பைத் தொட்டால் நஞ்சற்றது என்னும் அவ்விதி, நஞ்சற்ற சிவப்பு அரசப்பாம்பிலிருந்து கிழக்குப் பவளப்பாம்பைப் பிரித்தறிய ஓரளவு உதவும் என்றாலும், நிறமிக் குறைபாடோ மிகையோ உள்ள பாம்புகளில் பொய்த்துவிடுகிறது. சிவப்பைக் கருப்புத் தொடும் நச்சுப் பவளப்பாம்புகள் பல வாழும் தென்னமெரிக்காவில் அது நேர்மாறான பொருளைத் தந்து உயிருக்கே உலை வைக்கக்கூடும். கடிகளில் பெரும்பகுதி கைகளிலும் விரல்களிலும் அமைவது, நஞ்சற்ற பாம்பு என எண்ணி எடுத்தவர்களே பெரும்பாலும் கடிபடுகிறார்கள் என்பதைக் காட்டுகிறது.

கடிபட்டவர் செய்ய வேண்டியவை சிலவே. மோதிரம், வளையல் போன்றவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, உடனே அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். கீறுதல், உறிஞ்சுதல், இறுக்கிக் கட்டுதல், பனிக்கட்டி வைத்தல், மது அருந்துதல் ஆகியவை அனைத்தும் தீமையே செய்யும். உறுப்பு முழுவதையும் அகன்ற துணிப்பட்டையால் சுற்றும் ஆஸ்திரேலிய முறையைப் பவளப்பாம்புக் கடிக்குச் சிலர் பரிந்துரைப்பதுண்டு. பயிற்சி இல்லாதவர் அதில் நேரத்தைச் செலவிடுவதைவிடப் புறப்படுவதே மேல். பாம்பைக் கொன்று எடுத்துச் செல்ல முயல்வது இரண்டாவது கடிக்கே வழிவகுக்கும், இறந்த பாம்பும் அனிச்சையாகக் கடிக்கும் ஆதலால், எட்ட நின்று எடுத்த ஒரு படம் போதுமானது.

மருந்தின் நிலையும் பொதுமக்கள் நினைப்பது போல் எளிதன்று. குதிரையின் குருதிநீரிலிருந்து வையத் நிறுவனம் தயாரித்து வந்த நஞ்சுமுறி மருந்தின் உற்பத்தி 2000களின் முற்பகுதியில் நின்றுபோனதால், 2008 அக்டோபரில் காலாவதியாக வேண்டிய இருப்பை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மறுசோதனை செய்து, அதன் பயன்பாட்டுக் காலத்தைப் பலமுறை நீட்டிக்க நேர்ந்தது. வையத்தை 2009இல் வாங்கிய ஃபைசர் நிறுவனம் பின்னர் உற்பத்தியை மீண்டும் தொடங்கியது. இம்மருந்து கிழக்கு, டெக்சஸ் பவளப்பாம்புகளுக்கு உரியது, சொனோர இனத்துக்கு அன்று. ஏற்பிகளில் ஏற்கெனவே படிந்த நஞ்சை இதனால் எளிதில் விடுவிக்க இயலாது என்பதால்தான், இமை முழுதும் சரியும் வரை காத்திருப்பது தவறாகிறது. விலங்குப் புரதம் ஆதலால் கடும் ஒவ்வாமையும், ஓரிரு வாரம் கழித்துக் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு ஆகியவற்றோடு வரும் குருதிநீர் நோயும் நேரலாம். வீடு திரும்பியவர் இதை அறிந்திருந்து, அத்தகைய அறிகுறி தோன்றின் மீண்டும் மருத்துவரை அணுக வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க செய்தி, பிரேசிலில் இத்தகைய மருந்து அரசின் பொதுச் சுகாதார அமைப்பின் வழியே கட்டணமின்றி வழங்கப்படுகிறது என்பதாகும். அமெரிக்காவிலோ ஒரு குப்பியின் விலையே ஆயிரக்கணக்கான டாலர், தொடக்க அளவோ 3 முதல் 5 குப்பி.

செலவை அஞ்சி வீட்டில் இருந்துவிடுவோர் உளர் என்பதால் சட்டம் தரும் பாதுகாப்பையும் இங்கே கூறுவது தகும். அவசர சிகிச்சைப் பிரிவு உடையதும் மெடிக்கேர் எனும் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் பங்கேற்பதுமான எந்த மருத்துவமனையும், வருபவரின் பணவசதி, காப்பீடு, குடியுரிமை எதையும் பொருட்படுத்தாமல் பரிசோதித்து, உயிராபத்தை நிலைப்படுத்த வேண்டும் என்று 1986ஆம் ஆண்டின் அவசர மருத்துவச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. மருந்து இருப்பில் இல்லையெனில் வேறு மருத்துவமனைக்கு முறையாக மாற்றுவதும் அக்கடமையில் அடங்கும். 1-800-222-1222 என்னும் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண், பொதுமக்களுக்கும் மருத்துவர்களுக்கும் இரவும் பகலும் வழிகாட்டுகிறது. எந்த மருத்துவமனையில் அல்லது விலங்குக் காட்சிச்சாலையில் மருந்து உள்ளது என்பதைத் தேடித்தர அம்மையங்களால் இயலும்.

காப்பீடு உள்ளவர், தம் காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாத மருத்துவமனையில் அவசர சிகிச்சை பெற்றாலும் எதிர்பாராத கூடுதல் கட்டணம் விதிக்கப்படுவதை 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டம் தடுக்கிறது. வான்வழி அவசர ஊர்திக்கும் இது பொருந்தும். வியப்பாக, தரைவழி ஊர்தி இதில் விடுபட்டுள்ளது. காப்பீடு இல்லாதவரோ, போதாதவரோ, இலாப நோக்கற்ற மருத்துவமனைகள் எழுத்து வடிவில் வைத்திருக்க வேண்டிய நிதியுதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். வீடு திரும்பிய பின் வரும் முதல் கட்டண அறிக்கையிலிருந்து 240 நாள் வரை அவ்விண்ணப்பத்தை ஏற்க மருத்துவமனை கடமைப்பட்டது, முதல் 120 நாளுக்குள் வழக்கு போன்ற கடும் வசூல் நடவடிக்கை எதையும் அது தொடங்கக்கூடாது. அறிக்கையில் மொத்தத் தொகை மட்டும் காணப்பட்டால், எத்தனை குப்பி மருந்து, எந்த விலையில் கணக்கிடப்பட்டது என்பது தெரியும் வகையில் இனவாரியான பட்டியலைக் கேட்டுப் பெற்று, செலுத்தப்பட்ட குப்பிகளின் எண்ணிக்கையை மருத்துவப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பணம் செலுத்துவது நல்லது.