பத்து கோர் பெரிதா, ஆறு கோர் பெரிதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கச் செல்பவர்கள் கடையில் முதலில் கேட்கும் கேள்வி, "இதில் எத்தனை கோர்?" என்பதுதான். ஒரு காலத்தில் இதே இடத்தில் "எத்தனை கிகாஹெர்ட்ஸ்?" என்ற கேள்வி இருந்தது. கோர் எத்தனை என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் 2021-க்குப் பிறகு வந்த பிராசசர்களில் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பிப் பணம் கொடுத்தால் ஏமாற்றம் அடைய வாய்ப்பு அதிகம். ஏன் என்று பார்ப்போம்.

பிராசசர் என்ற சிப்பில் உண்மையில் கணக்குப் போடும் பகுதிக்குத்தான் கோர் என்று பெயர். பழைய பென்டியம் பிராசசர்களில் ஒரே ஒரு கோர் இருந்தது. ஒரு சமையலறையில் ஒரே ஒரு சமையல்காரர் என்று வைத்துக் கொள்ளுங்கள். சாப்பாடு சீக்கிரம் தயாராக வேண்டும் என்றால் அவர் வேகமாக வேலை செய்ய வேண்டும். அந்த வேகத்தின் அளவுதான் கிகாஹெர்ட்ஸ். இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் 4 பிராசசர் 2004-ல் 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியது. அடுத்து 4 கிகாஹெர்ட்ஸ் என்று அறிவித்திருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். வேகம் கூடக் கூட சிப் குடிக்கும் மின்சாரமும் சூடும் எல்லை மீறிப் போனது முக்கியக் காரணம். ஒருவரையே விரட்டுவதை விட்டு இரண்டு பேரை வேலைக்கு வைப்போம் என்று 2005-ல் இன்டெல், ஏஎம்டி இரண்டுமே இரட்டைக் கோர் பிராசசர்களைக் கொண்டு வந்தன. 2006-ல் வந்த கோர் 2 டூயோ, கிகாஹெர்ட்ஸ் குறைவாக இருந்தும் பென்டியம் 4-ஐ எளிதாக முந்தியது. கிகாஹெர்ட்ஸை மட்டும் வைத்து அளக்கும் பழக்கம் அன்றே செல்லாக்காசு ஆகிவிட்டது. இப்போது கோர் எண்ணிக்கைக்கும் அதே கதி.

கல்யாணச் சமையலைப் பார்த்திருப்பீர்கள். மாஸ்டர் இருப்பார், கையாட்கள் இருப்பார்கள். வெங்காயம் உரிக்க மாஸ்டர் தேவையில்லை. அவருக்குச் சம்பளம் அதிகம், இடமும் அதிகம் வேண்டும். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். பின்னணியில் மெயில் வருகிறதா என்று பார்ப்பது, பாட்டு ஓடுவது, ஆன்ட்டி வைரஸ் ஃபைல்களைச் சோதிப்பது எல்லாம் வெங்காயம் உரிக்கும் வேலைகள். இதற்கெல்லாம் பெரிய கோரை எழுப்பினால் பேட்டரிதான் வீணாகும். செல்போன் பிராசசர்களுக்காக ஆர்ம் நிறுவனம் 2011-லேயே பெரிய கோரும் சிறிய கோரும் கலந்த அமைப்பை அறிவித்தது. ஆப்பிள் 2020 நவம்பரில் தன் எம்1 சிப்பில் 4 பெரிய கோர், 4 சிறிய கோர் வைத்து அதை லேப்டாப்பிற்குக் கொண்டு வந்தது. இன்டெல் 2021 நவம்பரில் விற்பனைக்கு விட்ட 12-வது தலைமுறை பிராசசர்களில் இந்த முறை பரவலாக வந்துவிட்டது.

இன்டெல் பெரியதை பி-கோர் என்றும் சிறியதை இ-கோர் என்றும் அழைக்கிறது. நான்கு இ-கோர்கள் சிப்பில் ஏறக்குறைய ஒரு பி-கோரின் இடத்தில் அடங்கிவிடும். அளவில் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். ஆனால் அட்டைப் பெட்டியில் எண்ணும்போது மாஸ்டரும் ஒன்று, கையாளும் ஒன்று! அங்கேதான் வாங்குபவர் தடுமாறுகிறார்.

ஓர் உதாரணம். லேப்டாப்பிற்கான ஐ5-1235யு பிராசசரில் 10 கோர். டெஸ்க்டாப்பிற்கான ஐ5-12400 பிராசசரில் 6 கோர். இரண்டும் ஐ5, இரண்டும் 12-வது தலைமுறை. பத்துதானே பெரிது என்று தோன்றும். ஆனால் அந்தப் பத்தில் பி-கோர் இரண்டே இரண்டு, மீதி எட்டும் இ-கோர். ஆறு கோர் உள்ளதில் ஆறுமே பி-கோர். வீடியோ எடிட்டிங் போன்ற கனமான வேலையில் ஆறு கோர்தான் முந்தும். விளம்பரத்தில் 1235யு-வுக்குப் போடும் 4.4 கிகாஹெர்ட்ஸ் வேகமும் பி-கோருக்கு மட்டும்தான். அதன் இ-கோர்கள் அதிகபட்சம் 3.3 கிகாஹெர்ட்ஸ்.

சரி, எத்தனை பி-கோர் என்று எப்படித் தெரிந்து கொள்வது? இதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. பி-கோர் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கையில் எடுக்கும். மாஸ்டர் ஓர் அடுப்பில் சாம்பார் கொதிக்கும்போதே பக்கத்து அடுப்பில் தாளிப்பதைப் போல. இந்த வசதிக்கு ஹைப்பர் திரெடிங் என்று பெயர். இ-கோருக்கு ஒரே அடுப்புதான். எனவே மொத்த அடுப்புகளிலிருந்து ஆட்களைக் கழித்தால் மாஸ்டர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும்.

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் ஒருசேர அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குச் சென்று சிபியு என்பதைக் கிளிக் செய்தால், கீழே கோர்ஸ் என்று ஓர் எண்ணும் லாஜிக்கல் பிராசசர்ஸ் என்று ஓர் எண்ணும் தெரியும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். 1235யு-வில் 12-லிருந்து 10 போனால் 2. ஐ5-12400-ல் 12-லிருந்து 6 போனால் 6. விடை பூஜ்யம் என்றால் மாஸ்டரே இல்லை! 2023-ல் வந்த என்100 (4 கோர்), ஐ3-என்305 (8 கோர்) இரண்டும் அப்படிப்பட்டவை. பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கும் கடிதம் டைப் செய்யவும் என்100 போதும், 6 வாட்தான் அதன் அளவு. ஆனால் "எட்டு கோர் சார்" என்று சொல்லி விலையை ஏற்றினால் சம்மதிக்காதீர்கள்.

இந்தக் கணக்கு இன்டெல்லின் 12, 13, 14-வது தலைமுறைகளுக்கும், கோர் அல்ட்ரா வரிசையில் 155எச் போல 1-ல் தொடங்கும் மூன்று இலக்க எண்களுக்கும் பொருந்தும். 2024-ல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசையில் பெரும்பாலானவற்றில் ஹைப்பர் திரெடிங்கையே எடுத்துவிட்டார்கள். அங்கே கழித்தால் பூஜ்யம்தான் வரும். பயப்பட வேண்டாம், மாடல் எண்ணை இன்டெல் இணைய தளத்தில் போட்டுப் பாருங்கள்.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் எழுத்தையும் கவனிக்க வேண்டும். என் சித்தப்பா தன் மகள் பொறியியல் சேர்ந்தபோது, சீட்டு எடுத்த பணத்தில் லேப்டாப் வாங்க இரண்டு கொட்டேஷன்களுடன் போன் செய்தார். விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் ஐ7-1255யு, மற்றதில் ஐ5-12500எச். "ஐ7தானேப்பா உசத்தி, அதையே எடுத்துடட்டுமா?" என்றார். "சித்தப்பா, அந்த ஐ7-ல் பி-கோர் 2தான். ஐ5-ல் 4 இருக்கு" என்றேன். யு என்று முடிந்தால் அடிப்படை அளவு 15 வாட், எச் என்று முடிந்தால் 45 வாட். பாப்பாவுக்கு மூன்றாம் ஆண்டு முதல் கேட் டிராயிங் வரும், இந்த ஒரே மெஷினில் நான்கு வருடம் ஓட்ட வேண்டும். எனவே ஐ5 போதும் என்று சொன்னேன். எச் வகையில் ஃபேன் சத்தமும் எடையும் கூட இருக்கும், பேட்டரி சீக்கிரம் தீரும். அதையும் சொல்லித்தான் வாங்கச் சொன்னேன். பேங்க் வேலை, பிரவுசிங் மட்டும் என்றால் நானே யு வகையைத்தான் பரிந்துரைப்பேன்.

பெயர்களில் வேறு குழப்பங்களும் உண்டு. 2023-ல் இன்டெல் புதிய மாடல்களின் பெயரிலிருந்து ஐ என்ற எழுத்தை நீக்கியது. அதனால் கோர் அல்ட்ரா 5 என்று ஒன்று, வெறும் கோர் 5 என்று ஒன்று. 2024 ஜனவரியில் வந்த கோர் 5 120யு-வில் உள்ளே இருப்பது 13-வது தலைமுறையின் அதே வடிவமைப்பு. ஏஎம்டியும் சளைத்ததல்ல. அதன் ரைசன் 7000 வரிசை லேப்டாப் பிராசசர்களில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். ரைசன் 5 7520யு-வில் அது 2, அதாவது 2019-ல் வந்த ஸென் 2 வடிவமைப்பு. 7530யு என்றால் ஸென் 3. 7640யு என்றால் ஸென் 4. மூன்றும் ரைசன் 5 என்றே விற்பனையாகின்றன! கடையில் "ஐ5", "ரைசன் 5" என்று மட்டும் பில் போட்டால் ஏற்காமல், முழு எண்ணையும் கடைசி எழுத்தோடு எழுதி வாங்குங்கள்.

ஏஐ பிசி என்ற ஸ்டிக்கர் ஒட்டியவற்றில் என்பியு என்ற தனிப் பகுதி இருக்கும். மைக்ரோசாப்ட் 2024 மே மாதம் அறிவித்த கோபைலட் பிளஸ் வகைக்கு அதன் திறன் 40 டாப்ஸ், மெமரி 16 ஜிபி என்பது குறைந்தபட்ச விதி. ஆனால் சாட்ஜிபிடி போன்றவை இன்டர்நெட் வழியாக அவர்களுடைய சர்வரில்தான் வேலை செய்கின்றன. அதற்கு உங்களிடம் என்பியு தேவையே இல்லை. அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

இந்த வகையில் இரண்டு விஷயங்களைக் கேட்காமல் வாங்காதீர்கள். 258வி போல வி என்று முடியும் கோர் அல்ட்ரா பிராசசர்களில் ராம் மெமரி பிராசசரோடு சேர்ந்தே வருகிறது. 256வி என்றால் 16 ஜிபி, 258வி என்றால் 32 ஜிபி. பிறகு கூட்ட முடியாது. ஸ்நாப்டிராகன் எக்ஸ் பிராசசர் உள்ள லேப்டாப்களில் பேட்டரி நன்றாக நிற்கும், ஆனால் அது ஆர்ம் வகை. நமது வழக்கமான விண்டோஸ் புரோகிராம்கள் பெரும்பாலும் அதில் ஓடிவிடும், டிரைவர்கள் மட்டும் ஆர்முக்கென்றே தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வீட்டில் பழைய பிரிண்டரோ ஸ்கேனரோ இருந்தால், அதன் மாடல் எண்ணைக் குறித்துக் கொண்டு கடைக்குப் போங்கள்.