‘சீரற்ற காலநிலை’ யாருக்குப் பயன்படும்?

மாரிகாலம் தொடங்கிவிட்டால் எமது நாட்டின் தமிழ்ப் பத்திரிகைகளிலும் வானொலிகளிலும் தவறாது இடம்பெறும் தொடர் ஒன்று உண்டு. ‘சீரற்ற காலநிலை’ என்பதே அது. வீடு இடிந்தாலும் வீதி வெள்ளத்தில் மூழ்கினாலும் படகு கவிழ்ந்தாலும் காரணம் சீரற்ற காலநிலைதான். பெய்தது மழையா, வீசியது காற்றா, கொந்தளித்தது கடலா என்ற வினாவுக்கு அத்தொடரில் விடை இல்லை. இதனை வெறும் மொழிநடைக் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. கடலில் இறங்குவதா, கரையில் நிற்பதா என்று விடியற்காலையில் தீர்மானிக்க வேண்டிய குருநகர், காரைநகர், பருத்தித்துறை மீனவர்களுக்கு அந்த அடைமொழியே செய்தியாகும்.

இத்தொடரில் இரண்டு பிழைகள் உள்ளன. இன்றும் நாளையும் நிகழ்வது வானிலை. ஓரிடத்தில் பல்லாண்டுகளாக நிலவும் வானிலையின் சராசரிப் போக்கே காலநிலை. அதனைக் கணிப்பதற்குப் பொதுவாக 30 ஆண்டுத் தரவுகள் கொள்ளப்படுகின்றன. ஒரு நாள் மழையைக் காலநிலை என்பது முதற்பிழை. ‘சீரற்ற’ என்ற சொல்லுக்கு அடியாக நிற்கும் ‘சீர்’ என்ற பெயர் வானிலை எதனையும் குறிப்பதன்று என்பது இரண்டாவது பிழை. மழையோ காற்றோ இல்லாத ஒரு பெயரிலிருந்து மழையையும் காற்றையும் உணர்த்தும் அடைமொழி பிறப்பது எவ்வாறு?

வானிலைப் பெயரிலிருந்து அடைமொழியை ஆக்குவதற்கு ஒவ்வொரு மொழியும் தனக்கெனச் சில வழிகளை வகுத்துள்ளது. ஸ்பானிய மொழியில் மழை ‘யூவியா’. மழை மிகுந்த நாள் ‘யூவியோசோ’ எனப்படும். வெயிலைக் குறிக்கும் ‘சோல்’ என்பதிலிருந்து ‘சொலேயாதோ’ என்ற சொல் பிறக்கிறது. முன்னையதில் உள்ள விகுதி மிகுதியைக் காட்டுவது. பின்னையது பெயரெச்ச வடிவைச் சார்ந்தது. அரபு மொழி விகுதியை நம்பியிராமல் வேர் எழுத்துக்களை வேறோர் அச்சில் வார்க்கிறது. குர்ஆனின் 91ஆம் அத்தியாயத்தின் பெயராக முஸ்லிம் வாசகர்கள் நன்கறிந்த ‘ஷம்ஸ்’ (சூரியன்) என்ற சொல்லிலிருந்து வெயிலடிக்கும் நாளைக் குறிக்கும் ‘முஷ்மிஸ்’ உருவாகிறது. மழையைக் குறிக்கும் ‘மதர்’ என்பதிலிருந்து ‘மும்திர்’ வருகிறது.

தமிழின் வழிகள் இவற்றினும் பல. ‘ஆன’ என்பதைச் சேர்ப்பது அவற்றுள் ஒன்று மட்டுமே. வெப்பம், குளிர், மந்தாரம் போன்று தன்மையைக் குறிக்கும் பெயர்களுடன் அது இயல்பாகப் பொருந்தும். வெப்பமான பகல், மந்தாரமான வானம் என்கிறோம். பொருளைக் குறிக்கும் பெயர்களுடன் அது எளிதில் ஒட்டுவதில்லை. ‘மேகமான வானம்’ என்று எழுதாமல், இடையே மூட்டம் என்ற பெயரைச் சேர்த்து ‘மேகமூட்டமான வானம்’ என்று எழுதுவது அதனாலேயே. ஆயினும் இந்த உத்தி எல்லா இடத்திலும் கைகொடுக்காது. ‘காற்றோட்டமான’ என்ற சொல் யன்னல் திறந்த அறைக்குப் பொருந்துமேயன்றி, படகைப் புரட்டும் காற்று வீசும் நாளுக்குப் பொருந்தாது.

பெயரைப் பெயருக்கு முன்னே வைப்பது மற்றொரு வழி. மழை நாள், பனிக்காலம், ஈரக்காற்று என்பன அவ்வாறு அமைந்தவை. இங்கும் நுட்பம் வேண்டும். மழை நாளில் மழை பெய்யும். மழைக்கால நாளொன்றோ வெயிலோடு கழிந்துவிடலாம். பண்புப் பெயரின் ஈற்றை நீக்கிச் சேர்த்தால் கடுங்குளிர், பெருமழை, கருமுகில் எனச் செறிவான சொற்கள் கிடைக்கின்றன. ‘இடியுடன் கூடிய மழை’ என்பது உடனிகழ்வைக் கூறுகிறது. ‘மழையற்ற’, ‘மேகமற்ற’ என்பன இன்மையை ஐயத்துக்கிடமின்றி உணர்த்துகின்றன. இத்தனை வழிகள் இருக்க, ‘சீரற்ற’ என்ற ஒன்றையே பற்றிக்கொண்டிருப்பது ஏன்?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரச் சொற்கள் இவ்விடத்தில் எமக்கு வழிகாட்டுகின்றன. கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, வடக்கே வாடை, தெற்கே தென்றல் என்று பழந்தமிழ் நான்கு காற்றுகளைப் பெயரிட்டது. எமது கடலோர மக்கள் வாடையையும் கொண்டலையும் காத்துக்கொண்டு, சோளகம், கச்சான் என்பவற்றையும் வழங்கி வருகின்றனர். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசுவது சோளகம். மாரியில் வடகிழக்கிலிருந்து வருவது வாடை. மேற்கிலிருந்து வீசுவது கச்சான். கச்சான் என்றால் எம்மவர்க்கு நிலக்கடலையும் நினைவுக்கு வரும். ‘கச்சான் காற்று’ என்றதும் அந்த மயக்கம் தீர்ந்துவிடுகிறது. சோளகக் காலம், வாடைக் காலம் என்று சொல்லும்போது, எந்தக் கரை கொந்தளிக்கும், எந்தக் கரை அடங்கியிருக்கும் என்பதும் கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது. திசையும் பருவமும் கடலின் நிலையும் ஒரே சொல்லில் அடங்கியுள்ளன.

இச்சொற்செல்வம் ஓர் இனத்தாருக்கு மட்டும் உரியதன்று. பருவக்காற்றை உலகம் ‘மான்சூன்’ என்று அழைக்கிறது. பருவத்தைக் குறிக்கும் ‘மவ்ஸிம்’ என்ற அரபுச் சொல்லே போர்த்துக்கேயரின் வாய்வழியாக அவ்வாறு திரிந்தது. அரபு மாலுமிகள் பருவத்தால் பெயரிட்ட காற்றைத் தமிழும் ‘பருவக்காற்று’ என்றே அழைக்கிறது. ஒரே கடலில் ஒரே காற்றை நம்பிப் பாய் விரித்தவர்களின் அனுபவம் அது.

சொற்களில் துல்லியம் வேண்டும் என்பது புலவர் விவாதமன்று. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் எமது வடபுலத்தையும் தாக்கியது. 2008 நவம்பரில் நிஷா புயல் குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. அத்தகைய வேளைகளில் ஓர் அறிவித்தல் எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பது போலவே, அது எத்தனை பேருக்குத் தெளிவாக விளங்கியது என்பதும் கேட்கப்பட வேண்டிய வினாவாகும்.

வளிமண்டலவியல் திணைக்களம் மழையை மில்லிமீற்றரிலும் காற்றை மணித்தியாலத்துக்கு இத்தனை கிலோமீற்றர் என்றும் தருகின்றது. அந்த அளவுகளைத் தலைப்பில் ‘சீரற்ற காலநிலை’ என்று கரைத்துவிடும் தவறை ஊடகங்களாகிய நாமே பெரும்பாலும் செய்கின்றோம். இனியேனும் மழையென்றால் பலத்த மழை என்றும், காற்றென்றால் கடுங்காற்று என்றும், கடலென்றால் கொந்தளிப்பான கடல் என்றும் எழுதுவோம். ‘வடகிழக்குக் காற்று’ என்று அச்சிடும்போது அருகில் ‘வாடை’ என்ற சொல்லையும் இடுவோம். அதற்கு ஒரு சொல்லளவு இடமே செலவாகும். அச்சொல்லைப் படித்துவிட்டு ஒருவர் படகைக் கரையேற்றி வைப்பாராயின், அதுவே போதுமானது.