இருக்கை அளித்தலும் மொழியும்: பின்னிஷ் மொழியின் உபசாரத் தொடர்கள் பற்றிய ஒரு குறிப்பு

பின்னிஷ் மொழியைக் கற்கப் புகும் ஆங்கிலங் கற்றோர் முதலிலே தேடும் சொற்களுள் ஒன்று, ஆங்கிலத்திற் ‘பிளீஸ்’ என வழங்குவதற்கு நேரான சொல்லாகும். அத்தகைய தனிச்சொல் அம்மொழியில் இல்லை. இவ்வின்மையைக் கொண்டு பின்லாந்து மக்களை உபசாரம் அறியாதவர் எனக் கருதும் போக்கும் உண்டு. ‘தயவுசெய்து’ என்பது நமது காரியாலயக் கடிதங்களிலும் அறிவித்தற் பலகைகளிலும் வாழ்கின்றதேயன்றி, வீட்டுக்கு வந்தவரை இருக்கச் சொல்லுமிடத்து அது நம் வாயில் வருவதில்லை. இதனை நினைவுகூரின் மேற்கூறிய கருத்தின் குறைபாடு எளிதிற் புலனாகும். பணிவு தனிச்சொல்லில் மட்டுமன்றி இலக்கணத்திலும் உறையலாம். அவ்விலக்கணத்துக்கு ஒரு சமூக வரலாறும் இருத்தல் கூடும். ஒருவரை அமருமாறு வேண்டும் சில பின்னிஷ் தொடர்களைக் கொண்டு இதனை நோக்குவோம்.

‘இஸ்து’ என்னும் அடியே ஒருமை ஏவல். நமது ‘இரு’ போன்றது. ‘இஸ்துகா’ என்பது பன்மை ஏவல். இது பலரை நோக்கியும் வரும். மதிப்புக்குரிய தனியொருவரை நோக்கியும் வரும். யாழ்ப்பாணத்துப் பேச்சிலே இரு, இரும், இருங்கோ என மூன்று படிகள் உள்ளன. அங்கு உள்ளவை இரண்டே. ‘நீர்’ என்னும் இடைப்படி இல்லை. (1856இல் வெளிவந்த தமது ஒப்பிலக்கணத்திலே கால்டுவெல் திராவிட மொழிகளுக்கும், பின்னிஷ் உள்ளிட்ட, அவர் ‘சிதியம்’ எனக் குறித்த குடும்பத்துக்கும் உறவு தேடினார். அவ்வுறவு பின்னர் நிறுவப்படவில்லை. எனவே இங்குக் காட்டப்படும் ஒப்புமைகளை இனவுறவுக்குச் சான்றாகக் கொள்ளல் தகாது.)

‘இஸ்துகா’ மட்டுமே மரியாதையாகப் போதியதெனினும், பெரும்பாலும் ‘ஒல்கா ஹ்யுவா’ என்பது உடன் வரும். சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால், ‘நல்லவராய் இருங்கள்’ என்பதாகும். ‘ஒல்கா ஹ்யுவா ய இஸ்துகா’ என்பது ‘நல்லவராயிருந்து அமருங்கள்’ என விரியும். இங்கே இலக்கணஞ் செய்யும் நுட்பமொன்று கவனிக்கத்தக்கது. தனியொருவரை மதித்துக் கூறுகையில் வினை பன்மையாகவும், ‘ஹ்யுவா’ என்னும் பெயரடை ஒருமையாகவும் நிற்கும். கேட்போர் உண்மையிலேயே பலராயின் பெயரடையும் ‘ஹ்யுவாத்’ எனப் பன்மையாகும். மதிப்புக்காகக் கூட்டிய பன்மை எது, எண்ணிக்கையாற் பிறந்த பன்மை எது என்பதை மொழியே இவ்வாறு பிரித்துக் காட்டுகின்றது. நமது ‘நீங்கள்’ இவ்வேறுபாட்டைக் காட்டாது. அணுக்கமானவரிடம் இத்தொடர் ‘ஒலே ஹ்யுவா’ என்றாகும். கோப்பிக் கோப்பையை நீட்டும்போதும், கதவைத் திறந்து வழிவிடும்போதும், நன்றிக்கு மறுமொழியாகவும் இத்தொடரே பயன்படும்.

ஏவலின் கடுமையைத் தணிக்கும் இடைச்சொற்களும் உள. ‘இஸ்துகாபா’ என்பதில் இறுதியில் நிற்கும் ‘பா’, ‘இருங்களேன்’ என்பதிலுள்ள ஏனின் வேலையை ஏறக்குறையச் செய்கின்றது.

இவை யாவற்றினும் ஆய்வுக்குரியது ‘காயுகா பெரெம்மால்லெ’ என்னும் அழைப்பு. ‘இன்னும் உட்புறமாக வாருங்கள்’ என்பது அதன் கருத்து. ‘பெரா’ என்பது பின்பகுதி. வாயிலுக்கு எதிரே அறையின் கடைசிப் பகுதி. பழைய பின்லாந்துக் குடியானவரின் வீட்டிலே ‘தூபா’ எனப்படும் பெரிய அறை ஒன்றே சமையல், உணவு, தொழில், உறக்கம் யாவற்றுக்கும் இடமாயிருந்தது. சுவர்களை ஒட்டி அசையாத மரப்பலகை இருக்கைகள் ஓடின. கதவோரத்துப் பலகை வழிப்போக்கருக்கும் இரப்போருக்கும் உரியது. மேசையும் வீட்டுத் தலைவனின் இடமும் உட்புறத்தில் இருந்தன. வந்தவர் அழைப்பின்றிக் கதவோரத்தைக் கடத்தல் வழக்கன்று. ஆகவே ‘உட்புறம் வாருங்கள்’ என்பது வெறும் இன்சொல்லன்று. அவ்வறையின் தரவரிசையிலே வந்தவருக்கு ஓர் இடத்தை ஒதுக்குஞ் செயலாகும். ‘மரத்தை அழுத்துங்கள்’ எனப் பொருள்படும் ‘பைனகா பூத்தா’ என்ற வேடிக்கைத் தொடரும் அமருமாறு கூறுவதே. அதில் வரும் மரம் பலகை இருக்கையேயாகும். யார் எங்கே இருக்கலாம் என்பது எத்துணை கூர்மையான வினா என்பதை, 1920களின் பிற்பகுதியிற் பாடசாலைகளிலே ‘சம ஆசனம்’ கோரி எழுந்த போராட்டத்தை அறிந்த யாழ்ப்பாணத்து வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

மரியாதைப் பன்மையாகிய ‘தெ’ பின்லாந்துக் குடியானவரின் ஆதிச் சொத்தன்று. 1548இல் மிக்கேல் அக்ரிகோலா வெளியிட்ட புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பிலே கடவுளும் அரசரும் ‘ஸினா’ என்னும் ஒருமையாலேயே விளிக்கப்படுகின்றனர். 1809 வரை நீடித்த சுவீடிய ஆட்சியிலும் அதன் பின்னரும் சுவீடிய மொழி பேசிய அதிகாரிகள், குருமார், நிலவுடைமையாளர் ஆகியோரின் வழக்கைப் பின்பற்றியே இப்பன்மை பரவியது. பல பிரதேசங்களிலே பிள்ளைகள் பெற்றோரையும் அவ்வாறே விளிக்கலாயினர். பிறர் நிலத்தைப் பயிரிட்டு, உழைப்பு நாள்களையே வாரமாகச் செலுத்திய ‘தொர்ப்பாரி’ எனும் குடிவாரத்தார் வாழ்ந்த சமூகம் அது. 1918ஆம் ஆண்டின் உள்நாட்டுப் போரிலே செம்படை தோற்ற பின்னரே, அதே ஆண்டிற் பிறந்த சட்டம், அக்குத்தகை நிலங்களை விலைகொடுத்து மீட்கும் உரிமையை அவர்களுக்கு வழங்கிற்று. 1959க்கும் 1962க்கும் இடையில் வைனோ லின்னா எழுதிய மூன்று பாக நாவல் இவ்வரலாற்றின் தலையாய இலக்கியப் பதிவாகும். அவரே 1954இல் வெளியிட்ட போர் நாவலில் வரும் கரேலிய வீரன் ரொக்கா, மேலதிகாரிகளையும் தன் ஊர்ப் பேச்சின் ஒருமையாலேயே விளிக்கின்றான். அதனை அதிகாரி ஒழுங்கீனமாகக் காண்கின்றான்; ரொக்காவுக்கோ அது மனிதனோடு மனிதன் பேசும் பேச்சு. மொழியின் ஒரு சிறு விகுதிக்குள் வர்க்க முரண்பாடு நிற்பதை லின்னா நன்கு உணர்ந்திருந்தார் என்றே நாம் கருதுகிறோம்.

1960களின் இறுதியிலிருந்து ஒருமை மீண்டும் பொதுவழக்காயிற்று. நகரப் பெயர்வு, மாணவர் இயக்கங்கள், 1970களிலே யாவருக்கும் பொதுவாக்கப்பட்ட பாடசாலை முறை ஆகியன அதற்குத் துணை நின்றன. இன்று மாணவர் பேராசிரியரையும் ஒருமையில் விளிப்பர். விளியின் சமத்துவத்தை வாழ்வின் சமத்துவமென மயங்குதல் கூடாது. முதலாளியைப் பெயர் சொல்லி அழைக்கும் தொழிலாளி தன் உழைப்பையே விற்று வாழ்கின்றான். எனினும் முதியோரிடத்தும் நீதிமன்றத்திலும் பன்மை எஞ்சியுள்ளது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தயக்கத்திலே பின்னிஷ் மொழி தன் மற்றொரு வளத்தைப் பயன்படுத்துகின்றது. ‘தாஸ்ஸா வொய் இஸ்துவா’ என்பர். ‘இங்கே இருக்கலாம்’ என்பது பொருள். எழுவாய் இல்லை, முன்னிலையும் இல்லை. எதிரே நிற்பவரை ‘நீ’ என்பதா, ‘நீங்கள்’ என்பதா எனத் தெரியாதவர், ஆளையே வாக்கியத்திலிருந்து அகற்றிவிட்டு நாற்காலியைச் சுட்டுகின்றார்.