உண்ண மறுக்கும் குதிரை

பந்தயத்துக்கெனப் பழக்கப்படும் தரோபிரெட் இனக் குதிரைகளுட் சில, நாள்தோறும் கடுமையாக ஓடியும் தீனியிற் பாதியை மீதம் விட்டுவிடும். விலா எலும்புகள் வெளித்தெரியக் கண்டு கலங்கிய குதிரைக்காரன் தானியத்தை அள்ளிக் குவிப்பான். பிழை அங்கேதான் நேர்கின்றது.

குதிரையின் இரைப்பை உடலளவை நோக்கச் சிறியது. அதில் அமிலம் இடையறாது சுரக்கும். புல்லை மெல்லும்போது ஊறும் உமிழ்நீரே அவ்வமிலத்தைத் தணிப்பது. புல் குறைந்து தானியம் மிகுந்தால் இரைப்பையிற் புண் உண்டாகலாம்; அந்நோவே பசியைக் கெடுக்கும். செரியாத மாப்பொருள் பெருங்குடலிற் புளித்தாலோ, உயிரைப் பறிக்கும் வயிற்றுவலியும் குளம்பு நோயும் வரக்கூடும்.

ஆதலின் முதலில் மிருக வைத்தியரைக் கொண்டு பற்களையும், குடற்புழு உண்டோ என்பதையும் பார்ப்பித்தல் வேண்டும். 500 கிலோகிராம் எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 7.5 கிலோகிராம் உலர்புல் தேவை. அதிற் குதிரைமசால் கலந்தால் விரும்பி உண்ணும். தானியத்தை வேளைக்கு 2 கிலோகிராமுக்கு மேற்படாமற் பகிர்ந்தளிக்க வேண்டும். தாவர எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால், தீனியின் அளவு பெருகாமலே சக்தி மிகும். புதுத் தீனி எதனையும் ஒரு வாரத்துக்குக் குறையாமல் மெல்லப் பழக்குதல் நன்று.

1983 இல் ஹெனெக் என்பார் வெளியிட்ட உடல்நிலை அளவை 9 படிகள் கொண்டது. அதன் நடுப்படியாகிய 5 இல், விலா எலும்பு கண்ணுக்குப் புலப்படாது, கைக்குத் தட்டுப்படும். தொட்டியை நிரப்புவதோடு நில்லாது, வாரந்தோறும் விலாவைத் தடவிப் பார்ப்பவனே தன் குதிரையின் நிலையை அறிவான்.