நந்தம்பாக்கம் போர்வீரர் அடக்கத்தலம்

சென்னை நந்தம்பாக்கத்தில் போர்வீரர் அடக்கத்தலம் 1952-இல் அமைக்கப்பட்டது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் நிலையான பராமரிப்புக்கு உறுதியற்ற மையவாடிகளில் கிடந்த இரண்டாம் உலகப் போர்வீரர்களின் கல்லறைகளை ஓரிடத்தில் சேர்ப்பதே இதன் நோக்கம். இன்று 850-க்கும் மேற்பட்டோர் இங்கு அடங்கியுள்ளனர். பின்புறமுள்ள நினைவுச்சின்னம், முதல் உலகப்போர்க் காலத்தில் மாண்டு, பேண இயலாத கல்லறைகளில் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றது.

இதனைப் பராமரிக்கும் போர்க்கல்லறை ஆணையம் 1917-இல் தோன்றியது. பதவி, இனம், சமயம் பாராது அனைவரையும் சமமாக நினைவுகூர்தல் அதன் கொள்கை. ஆயினும் முதல் உலகப்போரில் மடிந்த இந்திய, ஆப்பிரிக்க, எகிப்திய வீரர் முதலான 45,000 முதல் 54,000 பேருக்கு அச்சமத்துவம் வழங்கப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயர் குறித்து நினைவுகூரப்படவில்லை என்றும் 2021-இல் அவ்வாணையத்தின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. ஆதலின், இங்குள்ள பெயர்களை வாசிப்போர், எக்கல்லிலும் இடம்பெறாதோரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.